ஓரத்து இருட்டு

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா என்று கேட்டால் "செத்தா சொல்லி அனுப்பறேன்" என்பாய். அதனால் கேட்கவில்லை. அத்தானை மட்டும் கேட்டதாகச் சொல்.

பார்சல் வந்திருக்கும். "எனக்கெதுக்கு இவ்வளவு பெரிய டிவி, இவனுக்கு மூளை குழம்பிடுச்சா" என்று வீட்டை இரண்டாக்கியிருப்பாய். அது டிவி இல்லை, எங்கள் அலுவலகத்தில் ஒதுக்கிப் போட்ட கணினித் திரை. வளைந்திருப்பது உடைந்ததால் அல்ல, அப்படித்தான் செய்கிறார்கள். எதிரே உட்கார்ந்தால் இரண்டு பக்கமும் கண்ணைச் சுற்றி வரும். கூட இருக்கும் கைப்பிடி நீ விமானத்தில் பிடிப்பதைப் போலத்தான், ஆனால் பொம்மை.

நாங்கள் ஒரு விண்கல விளையாட்டு செய்துகொண்டிருக்கிறோம். கலத்தைச் சட்டென்று முடுக்கினால், வேகத்தில் வளைத்தால், உள்ளே இருக்கும் ஓட்டியின் உடம்பு என்ன பாடுபடும் என்பதைக் காட்ட வேண்டும். விளையாடுகிறவன் நாற்காலியில் சுகமாகச் சாய்ந்திருப்பான். அவன் எடை ஒரு கிராம்கூட ஏறாது. கண்ணையும் காதையும் வைத்துத்தான் அவனை ஏமாற்ற வேண்டும். அந்தப் பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது. டாக்டர்கள் எழுதியதையெல்லாம் படித்துவிட்டேன். ரத்தம் தலையிலிருந்து காலுக்கு இறங்கும், பார்வை ஓரத்திலிருந்து இருட்டிக்கொண்டே வந்து நடுவில் ஒரு வட்டம் மட்டும் மிஞ்சும் என்கிறார்கள். அதைச் செய்தும் வைத்திருக்கிறேன். ஆனால் எங்களில் ஒருவனும் பல்டி அடிக்கும் விமானத்தில் உட்கார்ந்தது கிடையாது. நீ பாதி வாழ்க்கையைத் தலைகீழாகக் கழித்தவள். ஓட்டிப் பார்த்து எழுது. திட்டலாம்.

போன் செய்யாததற்குக் கோபித்துக்கொள்ளாதே. அம்மா போனபிறகு நாம் போனில் பேசி ஒரு தடவையாவது சண்டை இல்லாமல் வைத்திருக்கிறோமா? காகிதத்தில் நீ நல்லவள்.

அன்புடன்,
தம்பி

ஜனவரி 20

அன்புள்ள தூங்குமூஞ்சிக்கு,

உன் டிவி கூடத்தில் பாதியை அடைத்துக்கொண்டிருக்கிறது. அத்தான் தினமும் அதில் முட்டிக்கொண்டு உன் பெயரைச் சொல்லித் திட்டுகிறார். எனக்கு ஆறுதலாக இருக்கிறது, இவ்வளவு நாள் என் பெயரைச் சொன்னார்.

ஓட்டினேன். முதலில் திரையில் பரவுகிற அந்தச் சிவப்பை எடு. வளைத்து இழுக்கும்போது சிவப்பு வராதடா. மூக்கைக் கீழே குத்தி ரத்தம் தலைக்கு ஏறும்போதுதான் அது. இழுக்கும்போது முதலில் போவது நிறம். துவைத்துத் துவைத்து வெளுத்த துணி மாதிரி உலகம் ஆகும். கண் போன பிறகும் கொஞ்ச நேரம் காது கேட்கும், அதனால் சத்தத்தை உடனே நிறுத்தாதே. மூச்சை இறுக்கிப் பிடித்து, வயிற்றை எக்கி, பிரசவ வார்டில் கேட்பது போல ஒரு முக்கல் வரும். உன் ஓட்டி யோகாசனம் செய்கிறவன் மாதிரி நிதானமாக மூச்சு விடுகிறான். நேராகப் பாயும்போது கண் அவ்வளவு போகாது, நெஞ்சுதான் அமுங்கும். அத்தான் சாப்பிட்டுவிட்டு மேலே உட்கார்ந்த மாதிரி என்று வைத்துக்கொள்.

மயங்கினவன் எழுந்ததும் தான் மயங்கியதையே நம்ப மாட்டான். "நான் பாத்துட்டுதானே இருந்தேன்" என்று சண்டைக்கு வருவான். அதையும் எப்படியாவது சேர்.

ஓரத்து இருட்டு என்று பெரிதாக எழுதியிருந்தாயே, எங்கே அது? நானும் இழுத்து இழுத்துப் பார்க்கிறேன், ஒன்றும் வரவில்லை. திடீரென்று மொத்தமும் கரண்ட் போன மாதிரி கறுப்பாகிவிடுகிறது. போட மறந்துவிட்டாயா?

இங்கே ஓடுதளத்தில் எப்போதும் போலத்தான். என்னிடம் விமானம் ஓட்டக் கற்றுக்கொள்ள ஒரு பல் டாக்டரம்மா வருகிறாள். நாள் முழுக்க அடுத்தவர் வாயைப் பார்த்து அலுத்துவிட்டதாம், வானத்தைப் பார்க்க வந்தாளாம். கெட்டிக்காரி, ஆனால் எதற்கெடுத்தாலும் கத்துகிறாள். எனக்கு முன்போல முடிவதில்லை. சாயங்காலம் இறங்கினால் தலையை வலிக்கிறது. வயசு.

உன் அக்கா

பிப்ரவரி 2

அன்புள்ள அக்காவுக்கு,

சிவப்பை எடுத்துவிட்டேன். நிறம் வெளுக்கிறது, காது கடைசியில் போகிறது. முக்கலை நானே ஒலிப்பதிவு செய்தேன். வரவேற்பில் இருக்கும் பெண் கதவைத் தட்டி, "சார், ஆம்புலன்ஸ் கூப்பிடட்டுமா?" என்றாள்.

ஓரத்து இருட்டுதான் என்னைக் கொல்கிறது. இங்கே அது இருக்கிறது, அக்கா. உன் கடிதத்தைப் படித்துவிட்டு நாலு பேர் உட்கார்ந்து பார்த்தோம், நன்றாகவே இருக்கிறது. உனக்கு அனுப்பியதில்தான் ஏதோ பழுது என்று ஒரு வாரம் நோண்டினேன், ஒன்றும் அகப்படவில்லை. இப்போது அனுப்பியிருக்கும் புதுப் பதிப்பில் இருட்டை இரண்டு மடங்காக்கியிருக்கிறேன். சோதித்துப் பார்க்கிற பையன்கள், "குகைக்குள்ள ஓட்டுற மாதிரி இருக்கு, குறைங்க" என்று சண்டைக்கு வருகிறார்கள். "எங்க அக்கா பத்தலைங்கறா" என்று சொல்லி வாயை அடைத்திருக்கிறேன். அவர்கள் பார்வையில் நீ ஒரு ராட்சசி.

தூங்குமூஞ்சி என்று எழுதியிருந்தாய். அந்தப் பட்டத்தைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டியதுதான். கண்ணை மூடினாலும் திரைதான் தெரிகிறது. சாப்பாடு மேசையிலேயே ஆறிப்போகிறது. இந்த வேலை முடிந்தால் ஒரு மாதம் உன் வீட்டில் வந்து படுத்துக் கிடக்க வேண்டும், யாரும் எழுப்பக் கூடாது.

தலைவலிக்கு டாக்டரைப் பார்.

தம்பி

பிப்ரவரி 12

அன்புள்ள தூங்குமூஞ்சிக்கு,

பட்டத்தைத் திரும்ப வாங்குவதாக இல்லை, நீயே வைத்துக்கொள்.

முக்கல் பிரமாதம். நிறம் அப்படியே இருக்கிறது, ஒரு நிமிஷம் என் கால் தானாக இறுகிவிட்டது. ஆனால் இருட்டு இன்னும் வரவில்லை. இரண்டு மடங்கு என்கிறாய், எனக்கு அரைப் பங்கும் காணோம். அத்தான் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "ரெண்டு பக்கமும் ஷட்டர் சாத்துற மாதிரி இருட்டிட்டு வருதே, தெரியலையா?" என்றார். பைலட் நானா அவரா? போய்க் குளியுங்கள் என்று துரத்திவிட்டேன். உன்னைத் திருப்திப்படுத்தச் சொல்கிறார், மச்சினன் பாசம்.

நேற்று டாக்டரம்மா என் காது கிழியக் கத்தினாள். இடதுபக்கம் வேறொரு விமானம் வந்ததாம், பக்கத்திலேயே வந்ததாம். நான் பார்த்தபோது அது தாண்டிப் போய்விட்டது. கீழே இறங்கியும், "நீங்க பாக்கலையா? நீங்க பாக்கவே இல்லையா?" என்று அதையே கேட்டுக்கொண்டிருந்தாள். பயந்தவளுக்குத் தூரத்தில் வருவதெல்லாம் தலைமேல் வருவதாகத்தான் தோன்றும் என்று தேற்றி அனுப்பினேன்.

ஒரு மாதம் என்ன, இரண்டு மாதம் வந்து படு. எழுப்ப மாட்டேன்.

உன் அக்கா

பிப்ரவரி 19

அக்கா,

உன் கடிதம் இன்று காலையில் வந்தது. படித்ததிலிருந்து வேலை ஓடவில்லை. சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன், கோபப்படாமல் கடைசிவரை படி.

விளையாட்டில் பழுதில்லை. கதவோரம் நின்ற அத்தானுக்குத் தெரிந்தது, எதிரே உட்கார்ந்த உனக்குத் தெரியவில்லை. அந்த இருட்டு வருகிற இடத்தில் உனக்குப் பார்வையே இல்லை, அக்கா. வட்டம் சுருங்கி நடுவுக்கு வந்த பிறகுதான் உனக்குத் தெரிகிறது. அதனால்தான் கரண்ட் போன மாதிரி இருக்கிறது. இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மாதம் ஆகியிருக்கிறது. நான் உட்கார்ந்து நிரலைத் தோண்டிக்கொண்டிருந்தேன்.

அந்த விமானம் நிஜமாகவே பக்கத்தில்தான் வந்திருக்கும். அந்தப் பெண் கத்தியதால் இருவரும் பிழைத்தீர்கள்.

உடனே கண் டாக்டரிடம் போ. கண்ணாடிக்குப் பார்ப்பார்களே, அது போதாது. ஓரப் பார்வையைச் சோதிக்கச் சொல். அதுவரை விமானத்தில் ஏறாதே. யாரையும் ஏற்றாதே. உன் காலில் விழுந்து கேட்கிறேன்.

தம்பி

பிப்ரவரி 25

தம்பிக்கு,

ஒரு பொம்மையை வைத்து என் கண்ணுக்கு வைத்தியம் பார்க்கிறாய். சந்தோஷம். வருஷா வருஷம் டாக்டர் பார்த்து முத்திரை குத்தித்தான் என்னைப் பறக்கவிடுகிறார்கள், உன்னைக் கேட்டு அல்ல. சின்ன வயதிலிருந்தே நீ இப்படித்தான், உன் கணக்கு தப்பினால் அடுத்தவர் மேல் பழி போடுவாய்.

நாளைக்கும் டாக்டரம்மாவை ஏற்றிக்கொண்டு போகத்தான் போகிறேன். இனி இதைப் பற்றி எழுதாதே. போனும் செய்யாதே, எடுக்க மாட்டேன்.

அக்கா

மார்ச் 10

அன்புள்ள தம்பிக்கு,

போன கடிதத்தைத் தபாலில் போட்ட கையோடு கண் டாக்டரிடம் போனேன். நல்லெண்ணத்தில் இல்லை. எல்லாம் சரி என்று ஒரு சான்றிதழ் வாங்கி உன் மூஞ்சியில் வீசலாம் என்றுதான் போனேன்.

ஒரு வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகத்தை வைத்து, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். வெகு நேரம் ஒன்றும் வரவில்லை. இயந்திரம் கெட்டுவிட்டது போல என்று நினைத்து, "ஆரம்பிச்சாச்சாம்மா?" என்று கேட்டேன். அந்தப் பெண் எழுந்து போய் டாக்டரைக் கூட்டிவந்தாள்.

கண்ணுக்குள் அழுத்தமாம். ஓரம் போய்விட்டது, இடதில் அதிகம். போனது வராது, மிச்சத்தைச் சொட்டுமருந்து காப்பாற்றும் என்கிறார். இருட்டாகவே தெரியவில்லையே என்று கேட்டேன். இருட்டு தெரிவதற்கும் அங்கே பார்வை வேண்டுமே என்றார். போன வருஷச் சோதனையில் முத்திரை குத்துகிற டாக்டர் பக்கத்தில் விரலை ஆட்டினார். அவர் தோள் அசைவதைப் பார்த்தே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. தெரிந்து செய்யவில்லைடா.

நீ சொன்னது சரி. நான் டாக்டரம்மாவை ஏற்றவில்லை. அந்தக் கடிதத்துக்குப் பிறகு ஒருநாள்கூட ஏறவில்லை. சளி பிடித்திருக்கிறது என்று சொல்லிவைத்திருக்கிறேன். அத்தானிடம்கூட இன்னும் சொல்லவில்லை. வரும் சனிக்கிழமை விமானக் கொட்டகையில் எல்லோரும் கூடுகிறார்கள். அவர்கள் முன்னால் எழுந்து நின்று நானே சொல்லி, விமானச் சாவியை நானே பயிற்சிப் பள்ளி மேனேஜர் கையில் கொடுத்துவிட்டு வரப்போகிறேன். வேறு எதையும் காப்பாற்றிக்கொள்ள முடியாது. இது ஒன்றாவது என் வாயால் நடக்கட்டும். அதுவரை யாரிடமும் மூச்சு விடாதே.

அலுப்பாக இருக்கிறது. அழக்கூட உடம்பு ஒத்துழைக்கவில்லை.

உன் அக்கா

மார்ச் 12

அக்கா,

உன் கோபக் கடிதத்துக்குப் பிறகு இரண்டு எழுதிவிட்டேன், பதில் இல்லை. போனையும் எடுக்கவில்லை. அத்தானைப் பிடித்தேன். "உங்கக்காகிட்ட நீயே கேட்டுக்க, என்னை மாட்டிவிடாதே" என்று வைத்துவிட்டார்.

தினமும் காலையில் எழுந்ததும், இன்றைக்கு அவள் பறக்கிறாளா என்றுதான் நினைக்கிறேன். அந்த டாக்டரம்மாவின் முகம்கூட எனக்குத் தெரியாது, அவள் விழுவதைத்தான் பார்க்கிறேன். இனி தாங்காது.

இன்று உங்கள் மேனேஜருக்கு மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன். திரை, இருட்டு, இடதுபக்கம் வந்த விமானம், எல்லாவற்றையும் எழுதியிருக்கிறேன். உன்னைப் பறக்கவிடக் கூடாது என்று எழுதியிருக்கிறேன்.

என்னை என்ன வேண்டுமானாலும் சொல். நீ உயிரோடு இருந்து சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

தம்பி

மார்ச் 28

தம்பிக்கு,

என் கடிதம் கைக்கு வந்த பிறகு நீ எழுதிய நான்கு கடிதங்களையும் படித்தேன். எல்லாவற்றிலும் மன்னிப்பே கேட்டிருக்கிறாய். போதும்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், யாராவது உனக்குச் சொல்வதற்கு முன்னால். நீ மின்னஞ்சல் அனுப்பிய அந்த வியாழக்கிழமை மதியம் மேனேஜர் கூப்பிட்டனுப்பினார். கதவைச் சாத்தினார். கணினியை என் பக்கம் திருப்பிவிட்டு, "சாவி குடுத்துருங்கம்மா" என்றார். சனிக்கிழமை நானே சொல்வதாக இருந்தேன் என்றேன். "சரிம்மா, சரிம்மா" என்றார். குடிகாரனிடம் பேசுவது போலப் பேசினார். நான் அறையை விட்டு வெளியே வருவதற்குள் கொட்டகை முழுக்கத் தெரிந்திருந்தது.

சனிக்கிழமையும் போனேன். எழுந்து நின்று சொன்னேன். எல்லோரும் கைதட்டினார்கள். நானாக எடுத்த முடிவு என்று ஒருவரும் நம்பவில்லை. டாக்டரம்மா தனியாக வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "உங்க தம்பி சொல்லலேன்னா என்னை ஏத்திட்டுத்தானே போயிருப்பீங்க?" என்றாள். இல்லைம்மா என்றேன். தலையை ஆட்டினாள். அவளிடம் பல் பிடுங்க வரும் குழந்தைகளிடம் அப்படித்தான் தலையாட்டுவாள் போலிருக்கிறது.

நீ செய்தது சரி. உன் இடத்தில் நான் இருந்திருந்தால் இன்னும் முன்னாலேயே செய்திருப்பேன். உன்மேல் கோபப்பட எனக்கு ஒரு நியாயமும் இல்லை. நானும் தேடிப் பார்த்துவிட்டேன். ஆனாலும் வலிக்கிறதுடா. அந்த இரண்டு நாள் என்னுடையதாக இருந்தது.

சொட்டுமருந்து போட்டுக்கொள்கிறேன். அத்தான் நேரம் தவறாமல் ஞாபகப்படுத்துகிறார். உன் விளையாட்டு நன்றாக வரும். அதில் நன்றி சொல்லும் இடத்தில் என்னைப் போடாதே.

கொஞ்ச நாளைக்கு எழுதவும் வேண்டாம், வரவும் வேண்டாம். நீ எழுதினால் நான் படிப்பேன். படித்தால் மன்னித்துவிடுவேன். இப்போது அதற்கு எனக்குத் தெம்பில்லை.

அக்கா