சாயாத வண்டி

போன புதன்கிழமை மகளுடைய பேட்டரி ஸ்கூட்டருக்குச் சீட் கவர் மாற்ற சிம்மக்கல் பக்கம் ஒரு கடைக்குப் போயிருந்தேன். கடைக்காரர் ரெக்சின் சுருளை விரித்து, பசை டப்பாவின் மூடியைத் திறந்தார். அந்த வாசனை வந்ததும் என்னால் அங்கே உட்கார்ந்திருக்க முடியவில்லை. "இந்தா வாரேன்" என்று சொல்லிவிட்டு எதிர்ப்பக்கத்து நிழலில் போய் நின்றுகொண்டேன். அவர் வேலையை முடித்துக் கூப்பிடும்வரை உள்ளே போகவில்லை.

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. உன் கடை, உன் துப்பட்டா, நீ கொடுக்கும் டீ டம்ளர் என்று எல்லாவற்றிலும் அந்தப் பசை வாசனைதான் இருக்கும். உனக்கு எழுத வேண்டும் என்று எட்டு மாதமாக நினைத்துக்கொண்டிருந்தேன். அன்று வீட்டுக்கு வந்ததும் உட்கார்ந்துவிட்டேன்.

தெற்குவாசல் சந்தில் இருந்த உன் கடைக்கு நான் முதலில் வந்தது என் பழைய கியர் ஸ்கூட்டரோடு. ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவரிடம் வாங்கிய வண்டி. இன்ஜின், பிரேக், பெயின்ட் எல்லாம் ஒவ்வொன்றாகச் சரிசெய்திருந்தேன். சீட் மட்டும் கிழிந்து கிடந்தது. கடையில் தையல் மெஷினுக்குப் பின்னால் நீ உட்கார்ந்திருந்தாய்.

"கடைக்காரர் இல்லையாம்மா?"

"நான்தாண்ணே கடைக்காரரு. அத்தா மௌத்தானதுலருந்து நான்தான் பாக்குறேன். வண்டி எங்க நிக்கிது?"

மேசையைப் பிடித்து எழுந்தாய். இடது காலில் இரும்புப் பட்டை வைத்த செருப்பு. சின்ன வயதில் வந்த போலியோ என்று பிறகு சொன்னாய். வண்டியைச் சுற்றி வந்து சீட்டை உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தாய். கலர் என்ன வேண்டும் என்று கேட்பாய் என்று நினைத்தேன். நீ கேட்டது வேறு.

"பின்னாடி யாரு உக்காருவா?"

"வீட்ல உக்காருவாங்க. எப்பவாச்சும்."

"ஒரு பக்கமா உக்காருவாகளா, ரெண்டு பக்கமும் கால் போட்டா?"

"ஒரு பக்கமாத்தான்."

"அப்ப எடது ஓரத்துல ஸ்பாஞ்ச கொஞ்சம் ஏத்தி வைக்கிறேன். இல்லாட்டி பிரேக் போடயில வழுக்கிட்டே இருப்பாக."

அந்தச் சீட்டில் முதல் தடவை உட்கார்ந்து பசுமலை வரை வந்த என் மனைவி, "என்ன பண்ணீங்க, இப்ப பயமா இல்ல" என்றாள். அவளுக்கு அத்தனை வருடமாகப் பயமாக இருந்தது என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

அதன் பிறகு எங்கள் குழுவில் எல்லோரையும் உன்னிடம் அனுப்பினேன். பழைய ஸ்கூட்டர் வைத்திருக்கும் பதினொரு பேர். ஞாயிற்றுக்கிழமை காலை வண்டியூர் தெப்பக்குளத்தில் வண்டிகளை வரிசையாக நிறுத்தி, ஒருவர் வண்டியை இன்னொருவர் குறை சொல்லி, டீ குடித்துவிட்டு மேலூரோ அழகர்கோயிலோ போய்வருவோம். மட்கார்டு அந்தக் காலத்துதா, ஹெட்லைட் வளையம் ஒரிஜினலா என்று மணிக்கணக்காகப் பேசுவோம். பசுமலைப் பள்ளி ஒன்றில் ஆய்வக உதவியாளனாக இருக்கும் எனக்கு வாரம் முழுக்க அந்தக் காலைப்பொழுதின் நினைப்புதான். வாட்ஸப் குழுவைத் தொடங்கியது நான் என்பதால், யாரைச் சேர்ப்பது என்பதும் என் கையில் இருந்தது.

ஒரு நாள் நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே கேட்டாய். "நானும் ஒரு ஞாயித்துக்கெழம வரலாமாண்ணே?"

வாசலில் கியர் இல்லாத உன் நீல ஸ்கூட்டர் நின்றது. பின்சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கூடுதலாக ஒவ்வொரு சக்கரம். அதைப் பார்த்துவிட்டுச் சொன்னேன்: "அது கியர் வண்டி வச்சிருக்கவங்க குரூப்பும்மா."

"சரிண்ணே" என்றாய். மெஷினை மிதித்தாய். நீ வேறெதுவும் கேட்காததில் எனக்கு நிம்மதிதான்.

இரண்டு மாதம் கழித்து, வங்கியில் வேலை பார்க்கும் ஒருவர் எங்களோடு சேர்ந்தார். அவரிடம் இருந்தது புத்தம் புதிய வண்டி. ஆள் கலகலப்பானவர், வரும்போது ஒரு பெட்டி வடை வாங்கி வருவார், சேர்த்துக்கொண்டோம். அவரும் சீட் தைக்க உன்னிடம்தான் வந்தார். அடுத்த முறை நான் கடைக்கு வந்தபோது நீ தலையைத் தூக்காமல் கேட்டாய்.

"அண்ணே, அந்த பேங்க்காரர் வண்டி எத்தன கியருண்ணே?"

அதில் கியரே கிடையாது. எனக்கு முகம் சுருங்கிவிட்டது. "வர்ற ஞாயித்துக்கெழம வாம்மா. ஆறு மணிக்குத் தெப்பக்குளம்" என்றேன். ஆசையாகக் கூப்பிடவில்லை. மாட்டிக்கொண்டதால் கூப்பிட்டேன்.

நீ ஐந்தே முக்காலுக்கே வந்து நின்றிருந்தாய். கறுப்பு ஹெல்மெட், முதுகுக்கு அணை வைத்து நீயே தைத்த சீட், முன்னால் ஒரு பையில் ஸ்பேனர், கத்திரி, ரெக்சின் துண்டுகள். எங்கள் ஆட்களில் ஒருவன் என்னைத் தள்ளிக்கொண்டு போய்க் கேட்டான்: "என்ன மாப்ள, இன்னைக்குப் பூரா உருட்டிக்கிட்டேதான் போகணுமா?"

"ஒரு நாள்தான் மாப்ள. ரெண்டு மணி நேரம் ஓட்டுனா அதுவா அலுத்துப்போய் விட்டுரும்" என்றேன்.

ஒத்தக்கடை தாண்டி மேலூர் வரை நாலுவழிச் சாலை. அதில் நீ எங்களோடு சமாளித்து வந்துவிட்டாய். மேலூரில் டீ குடித்து அழகர்கோயில் சாலையில் திரும்பியதும் பள்ளமும் மேடும் வந்தன. நாங்கள் குழிக்கு ஒதுங்கி ஒதுங்கிப் போனோம். உன் வண்டி ஒதுங்காது. நான்கு சக்கரத்தில் எதையாவது ஒன்றைக் குழியில் விட்டுத்தான் ஆகவேண்டும்.

உன்னிடம் நான் சொல்லாமலே விட்டது ஒன்று உண்டு. என் வண்டியின் வட்டக் கண்ணாடியில் நீ பின்தங்குவதைப் பார்த்தேன். முதலில் சின்னதாகத் தெரிந்தாய். ஒரு வளைவில் நீ தெரியவே இல்லை. ஒரு நிமிடம் ஆக்சிலேட்டரைக் குறைப்பதா என்று யோசித்தேன். குறைக்கவில்லை.

அழகர்கோயிலில் வண்டியை நிறுத்தி எண்ணிப் பார்த்தோம். நீ வரவில்லை. வந்துவிடுவாள் என்று உட்கார்ந்திருந்தோம். அரை மணி நேரம் கழித்து டிக்கியைத் திறந்து போனை எடுத்தால், நீ ஒன்பது முறை கூப்பிட்டிருந்தாய். திரும்பக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. வண்டியைத் திருப்பினேன். அந்தச் சாலையில் அவ்வளவு வேகமாக நான் போனது அந்த ஒரு நாள்தான்.

ஒரு மாந்தோப்பு வேலி ஓரத்தில் நீ உட்கார்ந்திருந்தாய். முழங்கை தோலுரிந்து ரத்தம் காய்ந்திருந்தது. வலது பக்கச் சக்கரத்தைத் தாங்கும் இரும்புப் பட்டை வெல்டிங் விட்டு முறிந்து, வண்டி ஒருபக்கமாகச் சாய்ந்து கிடந்தது. தோப்பில் காவலிருந்த அம்மா உனக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு, என்னைக் கண்டதும் கேட்டார்: "கூட வந்த ஆளு நீதானாய்யா? இம்புட்டு நேரமா எங்க போயிருந்த?"

நீ அழவும் இல்லை, சத்தம் போடவும் இல்லை. "அண்ணே, பின்னாடி பாக்கவே மாட்டீங்களா? கண்ணாடிய எதுக்கு மாட்டி வச்சிருக்கீங்க?" என்றாய்.

"கண்ணாடி திரும்பியிருச்சும்மா" என்றேன். உன்னிடம் சொன்ன இரண்டாவது பொய் அது.

குட்டியானை லோடு வண்டி ஒன்றைக் கூப்பிட்டு வண்டியை ஏற்றிவிடலாம் என்றேன். "வேணாம்ணே" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாய். "வண்டிய ஏத்திக்கிட்டுப் போய் எறங்குனா எங்கம்மா நாளைக்கே இத வித்துரும். அதுக்கப்புறம் கடைக்கு நான் ஆட்டோவுலதான் போகணும். ஆட்டோக்காரன் வந்தாத்தான் கடை, வராட்டி லீவு. ஓட்டிக்கிட்டுத்தாண்ணே வீட்டுக்குப் போகணும்."

எனக்கு ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்காக இருந்த வண்டி உனக்கு என்னவாக இருந்தது என்று அங்கேதான் உறைத்தது.

நீ சொல்லச் சொல்ல, ரெக்சின் துண்டுகளை முறுக்கி, முறிந்த பட்டையைச் சட்டத்தோடு சேர்த்துக் கட்டினேன். உன்னை என் வண்டியில் ஏற்ற முடியவில்லை. உன் செருப்பின் இரும்புப் பட்டையும் வளைந்து காலை மடக்க வரவில்லை. நீ உன் வண்டியிலேயே உட்கார்ந்து நடைவேகத்தில் ஓட்ட, நான் பக்கவாட்டில் பிடித்துக்கொண்டு நடந்தேன். இரண்டு கிலோமீட்டர் தள்ளி, சாலை பிரியும் ஒரு விலக்கில் வெல்டிங் பட்டறை இருந்தது. கரண்ட் இல்லை. வெல்டர் வேப்பமரத்தடியில் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்துகொண்டிருந்தார். "வந்ததும் மொத வேல இதுதான், உக்காருங்க" என்றார்.

இரண்டரை மணி நேரம் உட்கார்ந்தோம். அதற்குள் மற்றவர்களும் ஒவ்வொருவராகத் தேடி வந்துவிட்டார்கள். காலையில் என்னிடம் முணுமுணுத்தவன் புளியோதரைப் பொட்டலத்தோடு வந்து, உன் முழங்கையைப் பார்த்துத் திரும்பிப் போய் மேலூரிலிருந்து பஞ்சும் மருந்தும் வாங்கி வந்தான். தோப்பில் விட்டுவந்த என் வண்டியை, இன்னொருவர் பின்னால் ஏறிப் போய் வங்கிக்காரர் ஓட்டிவந்தார். கியர் மாற்றத் தெரியாமல் முதல் கியரிலேயே வந்து சேர்ந்தார். அப்போதுதான் நீ அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தாய்.

கரண்ட் வந்து, பற்றவைத்து, நான்கு பேர் ஏறி ஆட்டிப் பார்த்து, கிளம்பும்போது நீ ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே சொன்னாய்: "நான் முன்னாடி போறேன். நீங்கல்லாம் பின்னாடி வாங்க."

அப்படியே வந்தோம். உனக்குப் பின்னால் பன்னிரண்டு வண்டிகள், எங்களுக்குப் பின்னால் பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தன. வேகம் முப்பதைத் தாண்டவில்லை. பொழுது சாயும் நேரத்தில் உன் வீட்டு வாசலுக்கு நீயே ஓட்டிக்கொண்டு போய் இறங்கினாய். உன் அம்மா வெளியே வந்து, முழங்கைக் கட்டைப் பார்த்து, வரிசையாக நின்ற எங்களையும் பார்த்தார். "எல்லாரும் டீ சாப்பிட்டுப் போங்க" என்றார். வண்டியை விற்கவில்லை.

அதன் பிறகு ஐந்து வருடம் நீ எங்கள் ஆள். மெதுவான வண்டி முன்னால் என்பது குழுவின் வழக்கமாகிவிட்டது. உன்னைப் பார்த்து இன்னும் மூன்று பெண்கள் வந்தார்கள். பழைய ஸ்கூட்டர் குழு என்ற பெயரை மாற்றச் சொல்லி நீதான் என்னிடம் சண்டை போட்டாய்.

பிறகு உன் சிறுநீரகம் கெட்டது. வாரம் இரண்டு தடவை டயாலிசிஸ். போகும்போது நீயே ஓட்டிக்கொண்டு போய்விடுவாய். முடிந்து வெளியே வரும்போது கை நடுங்கும். அதனால் நாங்கள் முறை வைத்து மருத்துவமனைக்கு வந்து, உன்னைப் பின்னால் உட்காரவைத்து உன் வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தோம். முதல் நாள் தெப்பக்குளம் திருப்பத்தில் நான் பழக்கத்தில் உடம்பைச் சாய்க்க, வண்டி நேராகச் சாலையின் நடுச்சுவரைப் பார்த்துப் போனது.

"சாயாதீங்கண்ணே. இது சாயாது. கையத் திருப்புங்க" என்றாய். அந்தக் களைப்பிலும் சிரித்தாய்.

அப்படி ஒரு நாள் வரும்போதுதான் சொன்னேன். "அன்னைக்கு கியர் வண்டி குரூப்புன்னு சொன்னது பொய்ம்மா."

"தெரியும்ணே. பேங்க்காரர் வண்டிக்குச் சீட் தைக்கும்போதே தெரியும்ல."

"தெரிஞ்சுமா வந்த?"

"வந்தேன்."

"என் மேல கோவமில்லையா?"

"கோவந்தான். மன்னிக்கிறதெல்லாம் தனி வேலைண்ணே. நான் வண்டி ஓட்ட வந்தேன்" என்றாய்.

கண்ணாடி விஷயத்தையும் சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். பின்னாலிருந்து உன் தலை என் முதுகில் சாய்ந்தது. தூங்கிவிட்டாய். எழுப்பவில்லை. வீட்டுக்கு வரும்வரை குழி பார்த்து ஓட்டினேன். அப்புறம் சொல்ல வாய்க்கவில்லை, அல்லது நான் வாய்க்கவிடவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை காலை உன் அம்மா போன் செய்தார். அடக்கத்துக்கு நாங்கள் எல்லோரும் வந்தோம். வண்டிகளைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு நடந்து வந்தோம். நாற்பது நாள் கழித்து அம்மா என்னைக் கூப்பிட்டு, "தம்பி, இத யாருக்காவது குடுத்துருப்பா. வாசல்ல நிக்கிறதப் பாக்க முடியல. ஓட்டுற ஆளாப் பாத்துக் குடு" என்றார்.

ஒத்தக்கடையில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலை பார்க்கும் பெண்ணுக்குக் கொடுத்தோம். விபத்தில் கால் போனவர். தினமும் இரண்டு ஷேர் ஆட்டோ மாறி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். வண்டியை நான்தான் ஓட்டிக்கொண்டு போய் விட்டேன். அவர் ஏறி உட்கார்ந்து, சீட்டை ஒரு தடவை தடவிப் பார்த்து, "இத நல்லாத் தச்சிருக்காங்க சார். எங்க தச்சது?" என்று கேட்டார்.

"தெற்குவாசல்ல. இப்ப அந்தக் கடை இல்ல" என்றேன்.

அவர் வாசலிலிருந்து தெருமுனை வரை போய்த் திரும்பினார், மறுபடியும் போனார். மூன்றாவது சுற்றில் பயம் தெளிந்து மெயின்ரோட்டுப் பக்கம் போய்விட்டார். நான் ஒத்தக்கடை நிறுத்தத்துக்கு நடந்து வந்து பஸ் ஏறினேன்.

உன்னுடையது என்று என்னிடம் இருந்த எல்லாவற்றையும் கொடுத்தாகிவிட்டது. சாவி, ஆர்.சி. புத்தகம், ஸ்பேனர் பை எல்லாம் அந்தப் பெண்ணிடம். அழகர்கோயில் சாலையில் வேகத்தைக் குறைக்காமல் போன அந்த ஒரு நிமிடம் மட்டும் என்னிடம் இருக்கிறது. நீ பதில் சொல்ல முடியாத காலத்தில் எழுதுகிறேன் என்பது எனக்குத் தெரியும். மன்னிப்பது தனி வேலை என்று சொன்னவள் நீ. அந்த வேலையை உன்னைச் செய்யச் சொல்லி எழுதவில்லை. பார்த்தேன், நிற்கவில்லை. அதை உன்னிடம் சொல்ல வேண்டியிருந்தது, சொல்லிவிட்டேன்.