பின்பக்கத்துக் குரல்

கிங்ஸ்டன்
9 அக்டோபர் 1980

என் லினவலுக்கு,

மெர்லீன் எழுதுகிறேன். நானும் நம் மகள் மக்கேடாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். நீயும் லண்டன் குளிரில் கம்பளி போட்டுக்கொண்டு வேளைக்குச் சாப்பிடுவாய் என்று நம்புகிறேன். உன் உப்பில்லாச் சமையலை அங்கே யார் சமைத்துத் தருகிறார்களோ, பாவம் அந்தப் புண்ணியவதி.

இதைத் தபாலில் போடவில்லை. அங்கே வேலைக்குத் திரும்பும் நர்ஸ் கார்மலிட்டாவிடம் கொடுத்தனுப்புகிறேன். தேர்தலுக்கு மூன்று வாரம்தான் இருக்கிறது. நம் சந்தில் யாரும் யாரிடமும் வாய் திறந்து பேசுவதில்லை. மூன்று மணிக்கே கதவைச் சாத்திவிடுகிறோம்.

உன் கூட்டாளி டென்டன் செய்தி உனக்கு வந்திருக்கும். அரைகுறையாகத்தான் வந்திருக்கும், அதனால் நடந்ததை நானே சொல்கிறேன்.

உன் புதுப் பாட்டை ரேடியோக்காரர்கள் தொடவில்லை. ஆனால் ஊரில் ஸ்பீக்கர் கட்டி நடத்திய எல்லா ஆட்டத்திலும் அதைத்தான் போட்டார்கள். குழாயில் தண்ணீர் வராத சந்துக்குத் துப்பாக்கி மட்டும் எப்படி வந்தது என்று கேட்டிருக்கிறாய், யார் பெயரும் அதில் இல்லை. குடிசைகளை இடித்ததைப் பாடியதற்கு உன்னை உள்ளே வைத்தார்கள். வெளியே விடும்போது நீ விரதமாக வளர்த்த சடையை வெட்டித்தான் அனுப்பினார்கள், அதையும் பாட்டாக்கினாய். இந்தத் தடவையாவது மனுஷனுக்குப் புத்தி வந்ததே என்று நிம்மதியாக இருந்தேன்.

ரெக்கார்டின் பின்பக்கத்தில் உன் குரலை எடுத்துவிட்டு வெறும் தாளத்தை விட்டிருந்தீர்கள், வழக்கம்போல. டென்டனும் வழக்கம்போல அதன்மேல் மைக்கைப் பிடித்துக்கொண்டு பேசினான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கடற்கரை ஆட்டத்தில், அத்தனை ஜனத்துக்கு முன்னால், துப்பாக்கிகளைக் கொண்டுவந்து இறக்கியவனின் பெயரைச் சொல்லிவிட்டான். ஜனம் கூச்சல் போட்டு ரெக்கார்டை மறுபடி மறுபடி வைக்கச் சொன்னதாம். அந்தப் பெயரை இங்கே எழுத எனக்குத் தைரியமில்லை.

செவ்வாய்க்கிழமை மூன்று பேர் வந்தார்கள். நான் முற்றத்தில் காலலூக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். மரியாதையாகத்தான் பேசினார்கள், அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. ஒருவன் மக்கேடாவைப் பக்கத்தில் கூப்பிட்டு அவள் சடையைக் கையில் எடுத்தான்.

“ரெக்கார்டுல உன் புருஷன் பேருதான் இருக்கு. அப்ப பேசின வாயும் அவன் வாய்தானே, தங்கச்சி?”

நீ ஆறு வாரமாக லண்டனில் இருக்கிறாய், அது உன் குரலே இல்லை என்றேன்.

“அப்ப யாரு?” என்றான். சடையை விடவில்லை.

சொன்னேன், லினவல். டென்டன் என்று சொன்னேன். சந்து முழுக்கத் தெரிந்த குரல்தானே, நான் சொல்லாவிட்டால் வேறொருவர் சொல்லியிருப்பார் என்று தினமும் எனக்கே சொல்லிப் பார்க்கிறேன். மனம் ஆறவில்லை. போன வியாழக்கிழமை காலையில் ரொட்டிக் கடை வாசலில் வைத்து அவனைச் சுட்டுவிட்டார்கள்.

அதோடு விட்டுவிடுவார்கள் என்று நினைத்தேன். அன்று சாயங்காலமே அதே ஆள் நம் வேலியோரம் வந்து நின்றான். “பேசினவன் கதை முடிஞ்சுது. பாட்டுக் கட்டினவரு எந்தப் பிளேன்ல வர்றாரு?” என்று விசாரித்தான். தெரியாது என்றேன். நேற்றும் வந்து நின்றான். மக்கேடாவைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவதை நிறுத்திவிட்டேன்.

டென்டனின் அம்மா மிஸ் எனிட் தினமும் வந்து என் பக்கத்தில் உட்காருகிறாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, நீதான் எனக்கு ஆறுதல் என்கிறாள். நான் கையை இழுத்துக்கொள்ளவும் முடியாமல், அவள் முகத்தைப் பார்க்கவும் முடியாமல் இருக்கிறேன். பத்தொன்பதாம் தேதி ஞாயிறு அடக்கம்.

“லினவல் தாளத்து மேலதாம்மா எம்புள்ள கடைசியாப் பேசினான். லினவல் வந்து குழிகிட்ட நின்னு பாடணும். எழுது” என்றாள்.

எழுதுவதாக வாக்குக் கொடுத்தேன். எழுதிவிட்டேன். அது அவள் சொன்னது. இனி நான் சொல்வது. வராதே.

ராஸ்தா மார்க்கத்துக்காரன் சாவுக்குப் போகமாட்டான், பிணத்துப் பக்கம் நிற்கமாட்டான் என்று சொல்லி என் அப்பாவை அடக்கம் செய்த அன்று வீட்டிலேயே இருந்தாய். சர்ச் ஜனத்துக்கு முன்னால் என் மானம் போயிற்று. ஏழு வருஷமாக அதைச் சொல்லிச் சொல்லி உன்னைக் குத்தினேன். அத்தனை பேச்சையும் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். உன் கொள்கை நல்ல கொள்கை. டென்டனுக்காக அதை உடைக்கலாம் என்று இந்நேரம் உனக்குத் தோன்றியிருக்கும், உன்னை எனக்குத் தெரியாதா? உடைக்காதே, உன் காலைப் பிடிக்கிறேன்.

உனக்குச் சும்மா இருக்க வராது. டென்டனுக்குப் பாட்டுக் கட்டுவாய், காட்டிக்கொடுத்தது யார் என்று கேட்பாய். கேள். வேண்டுமானால் என் பெயரையே வைத்துப் பாடு. மிஸ் எனிட் கேட்கட்டும், சந்தே கேட்கட்டும், நான் இங்கேயே இருந்து வாங்கிக்கொள்கிறேன். ஆனால் அங்கேயே இருந்து பாடு, லினவல்.

என் கர்த்தரோ உன் ஜாவோ, யாராக இருந்தாலும் சரி, உன்னை அந்தக் குளிரிலேயே பிடித்து வைத்திருக்கட்டும்.

உன்
மெர்லீன்