தவளையைக் காணோம்

மார்ச் 4, செவ்வாய்

இன்று அலுவலகத்தில் மேற்பார்வையாளர் என் பின்னால் வந்து நின்று, "என்ன சார், பாட்டுக் குழு ஏதாவது ஆரம்பிக்கிறீங்களா?" என்றார். என் முடியைச் சொல்கிறார். காது இரண்டும் மூடிவிட்டன. மேலே ஹெட்செட்டை வைத்து அழுத்தினால் பக்கத்துக்கு ஒரு கொத்து வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறது.

வெட்டிக்கொள்ளலாம்தான். ஆனால் பள்ளிக்கூட நாளிலிருந்து என் தலையில் அக்காவைத் தவிர வேறு யாரும் கத்தரி வைத்ததில்லை. அவள் தொழில் பழகியதே என் தலையில்தான். அதற்குச் சாட்சியாக வகுப்புப் புகைப்படங்கள் இன்னும் இருக்கின்றன. நான் பார்ப்பதில்லை.

ஸ்டூலில் ஏறி பல்பு மாற்றப்போய் விழுந்தவளுக்கு வலது மணிக்கட்டில் முறிவு. கட்டுப் பிரித்தாயிற்று. எலும்பு கூடிவிட்டது, விரல்கள்தான் மடங்க மாட்டேன் என்கின்றன. கட்டைவிரல் கத்தரி வளையத்துக்குள் போகிறது. போய்ச் சும்மா உட்கார்ந்திருக்கிறது. பார்லர் முதலாளியம்மா அவளுடைய நாற்காலியை ஏப்ரல் பாதி வரைக்கும் வேறு யாருக்கும் தரமாட்டேன் என்றிருக்கிறார். அதன் பிறகு அவரும்தான் என்ன செய்வார்? "போனா போகட்டும், எனக்கென்ன" என்கிறாள் அக்கா. எனக்கென்ன என்று நினைப்பவள் அதை நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பாளா?

மார்ச் 8, சனி

பிசியோ கொடுத்த ரப்பர் பந்தை அக்கா அமுக்குவதே இல்லை. "என்னைப் பார்த்தா பந்து விளையாடுற ஆள் மாதிரியா இருக்கு?" இப்போது பந்தையே காணவில்லை. மாடிவீட்டு நாய் இரண்டு நாளாக ரொம்பச் சந்தோஷமாக இருக்கிறது.

பிசியோ போனில் சொன்னார்: "பந்துதான்னு இல்லைங்க. கட்டைவிரலுக்கு வேலை இருக்கணும், அவ்வளவுதான். கேம் ஆடினாலும் சரி."

அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "டேய், நம்மகிட்ட ஒரு தவளை கேம் இருந்துச்சே."

இருந்தது. டிவியில் மாட்டி ஆடும் பெட்டி. தவளை கட்டைக்குக் கட்டை தாவி ஆற்றைக் கடக்க வேண்டும். இரண்டு பேர் ஆடலாம். அதாவது, இரண்டு பேர் ஆடலாம் என்றுதான் நானும் நம்பிக்கொண்டிருந்தேன். ஒரு கோடை விடுமுறை முழுக்க அக்கா எனக்கு வயர் சொருகாத கண்ட்ரோலரைக் கொடுத்து, "அந்தப் பச்சைத் தவளைதான்டா நீ, சூப்பரா ஆடுற" என்று சொல்லி வைத்திருந்தாள். நானும் வியர்க்க வியர்க்கத் தட்டினேன். பச்சைத் தவளை தானாகவே ஓடும் தவளை என்பது எனக்கு மீசை முளைத்த பிறகுதான் தெரியும்.

அலமாரி மேலிருந்து பெட்டியை இறக்கினோம். பெட்டி செத்துவிட்டது. உள்ளே சொருகும் கேசட் மட்டும் பிழைத்திருக்கிறது.

மார்ச் 9, ஞாயிறு

ரிப்பேர் கடைக்காரர் கேசட்டில் இருந்த ஆட்டத்தை ஒரு பென்டிரைவில் நகல் எடுத்துக் கொடுத்தார். கணினியில் சொருகும் கண்ட்ரோலர் இரண்டையும் எங்கிருந்தோ தேடி எடுத்தார். இனி எமுலேட்டர் போட வேண்டும் என்றார். பழைய பெட்டி மாதிரியே நடிக்கும் மென்பொருளாம். ஆட்டமும் அதை நிஜப் பெட்டி என்று நம்பிவிடுமாம். என்னை மாதிரி.

அக்கா வீட்டில் இருப்பது அவள் கணவர், அதாவது மாமாவின் லேப்டாப் ஒன்றுதான். மாமா கட்டட வரைபடம் போடுகிறவர். "இதுக்குள்ள ஒரு ஆஸ்பத்திரியோட மூணு மாடி இருக்கு. எதையாவது இன்ஸ்டால் பண்ணி அது சரிஞ்சுதுன்னா என் வேலையும் சேர்ந்து சரியும்" என்று இரண்டு கையாலும் மூடிக்கொண்டார்.

ரிப்பேர் கடைக்காரரே அதற்கும் வழி சொல்லியிருந்தார். முழு இயங்குதளத்தையும் இன்னொரு பென்டிரைவில் போட்டு, அதிலிருந்தே லேப்டாப்பைக் கிளப்பலாம். லைவ் என்று பெயர். உள்ளே மாமாவின் கோப்புகள் இருக்கும் வட்டைத் தொடவே தொடாது.

"வீட்டுக்கு வர்ற விருந்தாளி மாதிரி மாமா. சுவத்துல ஒரு ஆணிகூட அடிக்காது. போகும்போது தன் பையை எடுத்துக்கிட்டுப் போயிடும்."

இந்த உவமைக்காக நான் பின்னால் வருந்துவேன் என்று அப்போது தெரியவில்லை.

மார்ச் 11, செவ்வாய்

வேலை முடிந்து நேரே அக்கா வீடு. இணையச் சேவை நிறுவனத்தின் புகார்ப் பிரிவில் உட்கார்ந்து, வருகிற போனுக்கெல்லாம் "ரூட்டரை ஒரு தடவை அணைச்சுப் போடுங்க" என்று சொல்வதுதான் என் உத்தியோகம். குடும்பத்தில் என்னைக் கம்ப்யூட்டர் மேதை என்று நினைக்கிறார்கள். நானும் மறுத்ததில்லை.

ஆழம் தெரியாமல் காலை விட்டுவிட்டேன். லேப்டாப் கிளம்பும் நொடியில் ஒரு விசையை அழுத்த வேண்டும். எந்த விசை? ஒவ்வொன்றாக முயன்று பார்ப்பதற்குள் வழக்கமான திரையில் மாமா வரைந்த ஆஸ்பத்திரி மாடிப்படி வந்து நிற்கும், மாமா "ஐயோ" என்பார். கடைசியில் பென்டிரைவ் பிடித்துக்கொண்டது. எமுலேட்டரை இறக்கினேன். ஆட்டம் திறந்தது. சத்தம் இல்லை. சத்தம் வந்தபோது கண்ட்ரோலர் இல்லை. கண்ட்ரோலரும் வந்தது, தவளை பின்பக்கமாகத் தாவி ஆற்றில் விழுந்தது.

"உன்னை மாதிரியே ஆடுதுடா" என்றாள் அக்கா.

பட்டன்களை எமுலேட்டருக்கு அறிமுகம் செய்துவைக்க வேண்டுமாம். மேலே என்றால் எது, அழுத்து. கீழே என்றால் எது, அழுத்து. நான் ஒவ்வொன்றாகச் சொல்ல, அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு வலது கட்டைவிரலால் அழுத்தினாள். பிறகு தவளை நேராகத் தாவியது. முதல் ஆற்றை அவள் கடந்தபோது மாமாகூடக் கை தட்டினார். ஷட்டவுன் செய்யச் சொல்லிக் கொடுத்துவிட்டு, சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

மார்ச் 12, புதன்

சாப்பாட்டு இடைவேளையில் அக்காவிடமிருந்து போன். "தவளையைக் காணோம்."

மார்ச் 13, வியாழன்

எதுவுமே இல்லை. எமுலேட்டர், பட்டன் ஏற்பாடு, அவள் எடுத்த புள்ளிகள் எல்லாம் போச்சு. இன்னொரு பென்டிரைவில் இருப்பதால் ஆட்டம் மட்டும் தப்பித்தது. அணைத்ததும் விருந்தாளி பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இரண்டாவது தடவை எல்லாவற்றையும் செய்தேன். அக்கா மறுபடியும் பட்டன்களை அழுத்திக் காட்டினாள். நாளைக்கும் இதே கதைதான். பழைய குருடி கதவைத் திறடி.

எத்தனை வருடமாக ஊருக்கெல்லாம் அணைச்சுப் போடுங்க என்று வைத்தியம் சொல்லியிருப்பேன். இங்கே அணைப்பதுதான் வியாதி.

மார்ச் 15, சனி

"அணைச்சாதானே போகும்? நான் அணைக்கவே மாட்டேன்" என்று அக்கா லேப்டாப்பைப் பிடித்துக்கொண்டாள். மாமாவுக்கு ஆஸ்பத்திரி வேண்டும். அவர் ஸ்கேலும் காகிதமுமாகச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து இரண்டாவது மாடியைக் கையால் வரைந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது.

நான் தண்ணீர் குடிக்க உள்ளே போனபோது ஒன்றைப் பார்த்துவிட்டேன். அக்கா பீரோ கண்ணாடி முன்னால் நின்று, கத்தரியை மாட்டிக்கொண்டு, ஒரு பழைய செய்தித்தாளை வெட்டிப் பார்க்கிறாள். காகிதம் மடிந்ததே தவிர வெட்டுப்படவில்லை. நான் பார்த்ததை அவளும் கண்ணாடியில் பார்த்தாள். கத்தரியை உள்ளே வைத்தாள்.

எனக்கு அழுகையே வந்துடுச்சு. என்ன பண்றதுன்னு தெரியல. கேலி பண்ணியே பழகிட்டோம் — இதுக்கு என்னன்னு கேலி பண்றது? கை வரலைன்னா அவ வீட்ல உக்கார்ற ஆளே இல்ல. ஒரு தவளையைக்கூட என்னால அவளுக்கு நிறுத்தி வைக்க முடியல. பெரிய மேதை.

மார்ச் 17, திங்கள்

இன்று நடந்ததை நினைத்தால் பாதி பயம், பாதி சிரிப்பு.

லைவ் திரையின் ஓரத்தில் ஒரு சின்னப் படம் உண்டு. "இந்தக் கணினியில் நிறுவு." அதன் பக்கமே போகக் கூடாது என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அக்கா யோசித்திருக்கிறாள்: நிறுவினால்தானே நிலைக்கும்? அவள் தர்க்கத்தில் ஒரு குறையும் இல்லை. அடுத்து, அடுத்து, அடுத்து என்று தட்டிக்கொண்டே போயிருக்கிறாள். "வட்டில் உள்ள அனைத்தையும் அழித்துவிட்டு நிறுவவா?" என்று அது கேட்டிருக்கிறது. மூன்று மாடி ஆஸ்பத்திரியும் ஒரு சொடுக்கில் நிற்கிறது.

வேலை நேரத்தில் எங்கள் செல்போன்கள் லாக்கரில் இருக்கும். என்னைப் பிடிக்க முடியாமல் அக்கா எங்கள் நிறுவனத்தின் புகார் எண்ணுக்கே அடித்துவிட்டாள். எடுத்தது என் பக்கத்து இருக்கைக்காரி. தேநீர் குடிக்கும்போது சாதாரணமாகச் சொன்னாள்: "யாரோ ஒரு அம்மா, எல்லாத்தையும் அழிக்கவான்னு கேட்குது, சரின்னு கொடுக்கவான்னாங்க. எனக்குத் தலையும் புரியல, வாலும் புரியல. முதல்ல அணைச்சுப் போடுங்கம்மான்னேன். 'என் தம்பி அங்கதான் இருக்கான், அவனும் இதையேதான் சொல்வான்'னு சொல்லிட்டு வச்சிட்டாங்க."

எனக்குத் தேநீர் புரை ஏறிவிட்டது. லாக்கருக்கு ஓடி அக்காவுக்குப் போன் போட்டேன். "அணைச்சிட்டேன்டா. திரும்பப் போட்டா மாமாவோட மாடிப்படி வந்துச்சு. தவளைதான் போச்சு."

இனி யாராவது எங்கள் வேலையைக் கேலி செய்தால் சண்டைக்குப் போவேன்.

மார்ச் 18, செவ்வாய்

மாமாவிடம் சொல்ல வேண்டாம் என்று நான் சொல்வதற்குள் அக்கா சொல்லிவிட்டாள். அதுவும் சாப்பிடும்போது, பொழுதுபோக்குச் செய்தி மாதிரி. மாமா கைகூடக் கழுவாமல் போய் ஒவ்வொரு மாடியாகத் திறந்து பார்த்தார். திரும்பி வந்து என்னிடம் ஒரே வாக்கியம்தான் சொன்னார்: "அந்தத் தவளைக்கு நிரந்தரமா ஒரு இடம் பார்த்துக் குடு."

மார்ச் 22, சனி

ரிப்பேர் கடைக்காரர் என் கதையைக் கேட்டுவிட்டு வெகு நேரம் சிரித்தார். லைவ் பென்டிரைவைத் தயாரிக்கும்போதே அதில் நினைவுக்கென்று ஓர் இடம் ஒதுக்க வேண்டுமாம். நகர்த்துகிற ஒரு கோடு இருக்குமாம். இருந்தது. பார்த்தேன். "இதெல்லாம் எதுக்கு" என்று பூஜ்யத்திலேயே விட்டவன் நான்தான்.

இன்னொரு பென்டிரைவில் புதிதாகத் தயாரித்து, எல்லாம் போட்டு, அணைத்து, மறுபடி கிளப்பினேன். தவளை விட்ட இடத்திலேயே உட்கார்ந்திருந்தது. அக்கா திரையில் அதைத் தொட்டுப் பார்த்தாள். "இருக்குடா" என்றாள். இவ்வளவு மெதுவாக அவள் பேசி நான் கேட்டதில்லை.

மார்ச் 28, வெள்ளி

பிசியோ அக்காவின் கையைப் பார்த்துவிட்டு, விரல்கள் நன்றாக இளகிவந்து இந்த வாரம் திடீரென நின்றுவிட்டதாகச் சொன்னார். போன வாரம் வரை என்ன செய்தீர்கள், இந்த வாரம் எதை விட்டீர்கள் என்று துருவினார்.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது. விட்டது அந்தப் பட்டன் அறிமுகத்தைத்தான். மேலே அழுத்து, கீழே அழுத்து, பிடித்துக்கொள், விடு. எல்லா விரலும் ஒவ்வொரு நாளும் முதலிலிருந்து. நான் போகாத நாட்களில் இடது கையைத் தொடாமல் அவளே முழு ஏற்பாட்டையும் செய்திருக்கிறாள், எமுலேட்டரை இறக்குவது உட்பட. இப்போது எல்லாம் நினைவில் இருக்கிறது. ஒரே கட்டைவிரலால் ஒரே பட்டனைத் தட்டுகிறாள்.

"பழையபடியே செய்யுங்க" என்றார் பிசியோ.

ஆக, மறக்கும் பென்டிரைவ் காலையில். நினைவுள்ள பென்டிரைவ் சாயங்காலம். நடுவில் மாமாவின் ஆஸ்பத்திரி. மாமா கால அட்டவணை வரைந்து சுவரில் ஒட்டிவிட்டார். அழகாக வரைந்திருக்கிறார், அளவுகளோடு.

ஏப்ரல் 2, புதன்

அக்கா செய்தித்தாளை வெட்டினாளாம். மாமா போன் செய்து சொன்னார். அன்றைய பேப்பர், அவர் இன்னும் படிக்காதது. குரலில் அதற்கான வருத்தமே இல்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

முதல் தடவையாக இருவர் ஆட்டம். அக்கா எனக்கு இரண்டாவது கண்ட்ரோலரைக் கொடுத்தாள். நானா ஏமாறுவேன்? வயரைப் பிடித்துக்கொண்டே போய்ப் பார்த்தேன். சொருகியிருந்தது. இழுத்துப் பார்த்தேன், உறுதியாக இருந்தது. நிம்மதியாக உட்கார்ந்து ஆடினேன்.

மூன்று ஆறு தாண்டியிருப்பேன். "சூப்பரா ஆடுறடா" என்றாள். அந்தக் குரல் எனக்குத் தெரியும். எமுலேட்டரின் அமைப்புகளைத் திறந்து பார்த்தேன்.

இரண்டாம் ஆட்டக்காரர்: கணினி. கண்ட்ரோலர்: எதுவுமில்லை.

மாமா சிரித்துச் சிரித்துச் சோபாவிலிருந்து சரிந்துவிட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அவ்வளவு பட்டன்களையும் அந்த வலது கையாலேயே தேடிப்பிடித்து மாற்றியிருக்கிறாள் என்பது பேருந்தில் வரும்போதுதான் உறைத்தது. வெளியே பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தேன். பக்கத்தில் இருந்தவர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

ஏப்ரல் 13, ஞாயிறு

பார்லர். அக்காவின் நாற்காலி. முதல் ஆள் நான்.

துணியைப் போர்த்தி, இடது பக்கத்திலிருந்து ஆரம்பித்தாள். கத்தரிச் சத்தம் முதலில் ஒவ்வொன்றாக, பிறகு தொடர்ந்து வந்தது. இடது காது வெளிச்சத்துக்கு வந்தது, பின்கழுத்தும் பாதி முடிந்தது. அப்புறம் சத்தம் நின்றது. கண்ணாடியில் பார்த்தேன். கையை உதறிக்கொண்டிருந்தாள்.

"இன்னைக்கு இவ்வளவுதான்டா முடியும்."

முதலாளியம்மா அருகில் வந்து, "மிச்சத்தை நான் முடிச்சு விடறேன் தம்பி, இப்படியா வெளிய போவீங்க?" என்றார்.

"வேணாம்மா. அவளே முடிக்கட்டும்."

அக்கா துணியை எடுத்து உதறி மடித்தாள். பிடரியில் ஒட்டியிருந்த முடியை வலது கையாலேயே தட்டிவிட்டாள், தேவைக்கு மேல் கொஞ்ச நேரம்.

ஏப்ரல் 14, திங்கள்

ஒரு பக்கம் பாட்டுக் குழு, ஒரு பக்கம் அரசு அலுவலர். இந்தக் கோலத்தில் வேலைக்குப் போனேன். பக்கத்து இருக்கைக்காரி போனில் வாடிக்கையாளரை அந்தரத்தில் விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். மேற்பார்வையாளர் சுற்றி வந்து இரண்டு பக்கமும் பார்த்தார்.

"என்ன சார் இது, பாதியில நிக்குது?"

"சேவ் பண்ணி வச்சிருக்கு சார். சாயங்காலம் விட்ட இடத்துலருந்து தொடரும்."