வழிகாட்டி என்ற இடத்தில் உன் பெயர்

இன்று உன் போன் என் கைக்கு வந்தது. உன் வீட்டுக்காரர் காலை ஷிப்ட் முடிந்து மைன்ஸிலிருந்து நேராக என் குவார்ட்டர்ஸுக்கு வந்தார். உள்ளே கூப்பிட்டேன். சட்டையெல்லாம் கரித்தூசி என்று வாசலிலேயே நின்றுகொண்டார்.

"தெனம் சார்ஜ் போட்டு வச்சிகினு இருக்கேங்க்கா, ஏன்னு கேக்காதீங்க. இதுல மெயில் வந்துகினே இருக்குது. யாரோ ஒரு பொண்ணு. தொறக்க எனக்கு மனசு வரல. நீங்க பாருங்க."

பார்த்தேன். பவித்ரா என்று ஒரு கல்லூரி மாணவி, திருநெல்வேலிப் பக்கம். உன் திட்டத்தில் வேலை செய்ய ஆசைப்பட்டு உனக்கு எழுதியிருக்கிறாள். முதல் மடலில் ஒரே உற்சாகம். அடுத்ததில் கேள்விகள். பிறகு ஒரு நினைவூட்டல். கடைசி மடல் நேற்று வந்தது: "மேடம், நான் கேட்டதில் தப்பு இருந்தால் மன்னித்துவிடுங்கள். இனித் தொந்தரவு செய்ய மாட்டேன்."

உயிரோடு இல்லாத உன்னிடம் அந்தப் பெண்ணை மன்னிப்புக் கேட்க வைத்தது நான்தான்.

தை பிறந்தால் நாம் உட்கார்ந்து செய்யும் வேலை உனக்குத் தெரியாததா. போனில் இருக்கும் தமிழைப் பார்வை இல்லாதவர்களுக்குப் படித்துக் காட்டும் நம் மென்பொருள் யாரும் எடுத்துக்கொள்ளலாம், யாரும் திருத்தலாம் என்று திறந்து வைத்தது. கோடை விடுமுறையில் மாணவர்கள் அதில் வேலை பழகட்டும் என்று திட்டங்களை எழுதிப் பொதுப் பக்கத்தில் போடுவோம். ஒவ்வொரு திட்டத்துக்கும் இரண்டு வழிகாட்டிகளின் பெயர் வேண்டும். ஒருவர் இல்லாமல் போனால் மாணவர் திண்டாடக் கூடாதே என்றுதான் அந்த இரண்டு.

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காடாம்புலியூரிலிருந்து ஸ்கூட்டியில் வந்து இறங்கியதும் இறங்காததுமாக நீ சிரித்தது கண்ணிலேயே நிற்கிறது. "எங்க மாமியாருக்கு நம்ம சாப்ட்வேர் போன் நம்பர படிச்சிக் காட்டுச்சுடி. தொள்ளாயிரத்து நாப்பது கோடின்னு ஆரம்பிச்சிச்சா, யார் வூட்டுப் பணமோன்னு பயந்துகினு போனையே கீழ வச்சிடுச்சு!" நானும் சிரித்தேன். ஒரு கோடை முழுக்கச் செய்ய இதில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். உனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. போன் நம்பர், பஸ் நம்பர், பணம், தேதி என்று ஒவ்வொன்றையும் எப்படிப் படிக்க வேண்டும் என்று அன்றைக்கே எழுதி முடித்தாய். அந்த வருடம் யாரும் அதை எடுக்கவில்லை. "அடுத்த வருசம் ஒருத்தி வருவா பாரு" என்றாய்.

ஐப்பசியில் காய்ச்சல் என்று படுத்தாய், எழுந்திருக்கவில்லை.

தை வந்தது. போன வருடப் பக்கத்தை அப்படியே நகலெடுத்து, வருடத்தை மட்டும் மாற்றிப் போட்டுவிட்டேன். வழிகாட்டி என்ற இடத்தில் முதலில் உன் பெயர், உன் மெயில் முகவரி; அடியில் என் பெயர் மட்டும். இரண்டு பெயர் வேண்டுமே என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன். குழுவில் கேட்டிருந்தால் வேறொருவர் வந்திருப்பார். உண்மை என்னவென்றால், அந்தப் பெயரை அழிக்க எனக்குக் கை வரவில்லை. பக்கத்தைத் திறக்கும்போதெல்லாம் அது அங்கே இருப்பது எனக்கு ஆறுதலாக இருந்தது. அந்தப் பெயரை நம்பி ஒருத்தி எழுதுவாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நீ சொன்னபடியே அவள் வந்தும்விட்டாள்.

மடலின் அடியில் எண் இருந்தது. கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். "எனக்குத் தெரியாது மேடம்... நான் வேற திரும்பத் திரும்ப எழுதி..." என்று அழுதாள். என்னிடமும் மன்னிப்புக் கேட்டாள். கூசிப்போய்விட்டது எனக்கு. விண்ணப்பிக்க நேற்றே கடைசி நாள். பதில் வராததால் விண்ணப்பத்தை வேறு ஒரு குழுவுக்கு அனுப்பிவிட்டாள்.

"பரவால்ல மேடம். முதல் மெயில்லயே நம்பர் படிக்கறதுக்குக் கொஞ்சம் புரோகிராம் கோடு எழுதி அனுப்பியிருந்தேன். அது சரியா இருக்கான்னு மட்டும் பாத்துச் சொல்றீங்களா?"

அதை உன் போனிலேயே ஏற்றினேன். அதுவரை உன் வீட்டுக்காரர் வாசற்படியில் உட்கார்ந்து டீ குடித்தார். சோதித்துப் பார்க்க ஒரு நம்பர் சொல்லுங்கள் என்றேன்.

"அவ நம்பரையே போடுங்க."

போட்டேன். ஒன்பது, நான்கு என்று ஒவ்வொரு எண்ணாக நிறுத்தி, நிதானமாகப் படித்தது. கோடியும் இல்லை, லட்சமும் இல்லை. அவர் தலையைக் குனிந்துகொண்டு கடைசி எண் வரை கேட்டார். "கரெக்டா சொல்லுதுங்க. அம்மாகிட்ட காட்டணும்" என்று போனை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினார்.

அவர் போனதும் பக்கத்தைத் திறந்து உன் பெயரை எடுத்தேன். அழுதுகொண்டேதான் எடுத்தேன். பிறகு பவித்ராவுக்கு எழுதினேன்: சரியாக இருக்கிறது, நீ எழுதியதை மென்பொருளில் சேர்த்துக்கொண்டோம்.

"மொத மெயிலுக்கு அன்னிக்கே பதில் போட்ரணும்டி. பயந்துகினு எழுதற புள்ளைங்க, ரெண்டு நாள் பாத்துட்டு போய்க்கினே இருக்கும்" என்பாய். இனி எனக்கு வரும் எந்த மடலும் மறுநாள் வரை காத்திருக்காது. ஆனால் பவித்ராவுக்கு நான் போட்ட பதில், அவளுடைய கடைசி மடலுக்குத்தான்.