கல்வரையா, கல்லறையா

அன்பு மகன் இளஞ்செழியனுக்கு நைனார்பாளையத்திலிருந்து அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம், அங்கே உன் சுகம் எப்படி என்று ஆரம்பிக்கத்தான் உட்கார்ந்தேன். முதல் பாதி பொய்யாகிவிடும் என்பதால் இரண்டாவதை மட்டும் கேட்டுக்கொள்கிறேன். மஸ்கட்டில் வெயில் குறைந்ததா, அந்த இருமல் நின்றதா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா. போனில் பேசாமல் இதென்ன கடுதாசி என்று நினைப்பாய். போனை எடுத்தால் உன் அப்பா அடுத்த அறையில் காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருக்கிறார், ஒரு வார்த்தை மனம்விட்டுப் பேச முடியவில்லை. நம்ம தாவூது பாய் மகன் அப்சல் லீவு முடிந்து மஸ்கட்டுக்கே திரும்புகிறான், அவன் கையில் இதையும் எள்ளுருண்டையும் கொடுத்து அனுப்புகிறேன். உருண்டையை அறையில் எல்லோருக்கும் கொடு, கடுதாசியை நீ மட்டும் படி.

மக்காச்சோளத்தில் இந்த வருஷமும் புழு விழுந்துவிட்டது, மருந்தடித்தும் பிரயோஜனம் இல்லை. திருக்கோவிலூரில் உன் தங்கை மணிமொழி நல்லபடியாக இருக்கிறாள், மாமா எப்போது வருவார் என்று அவள் பிள்ளை கேட்டுக்கொண்டே இருக்கிறானாம். அவனுக்கென்ன, கேட்பான். தைக்கு வருகிறேன், கோர்ட்டில் நின்று கேசைப் பார்த்துக்கொள்கிறேன் என்று நீ சொன்ன நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ஏன்டா இப்படி என்று கேட்டதற்கு, அது நம்ம மலைக்காக எழுதின பாட்டும்மா, அதப் பாடிட்டு இங்க வந்து ஒளிஞ்சிக்கினு இருக்கறது எனக்கே கேவலமா இருக்குது என்றாய். அந்தப் பாட்டைப் பற்றித்தான் இப்போது எழுதப்போகிறேன், உன் அப்பாவின் கோபம் உனக்கும் வரும், அடக்கிக்கொண்டு கடைசிவரை படி.

ஞாயிற்றுக்கிழமையானால் நம்ம மோட்டார் கொட்டாயில் கிட்டார் சேந்தனின் ரசிகர் வட்டம் கூடிவிடும் என்பது உனக்குத் தெரியாததா. தண்ணீர் பாய்ச்ச வேண்டிய மனுஷன் மோட்டாரை நிறுத்திவிட்டு ஸ்பீக்கரைப் போடுவார், டீ போட்டுத் தூக்கிக்கொண்டு நடக்க நான் ஒருத்தி. சேந்தன் கிட்டாரை மாட்டிக்கொண்டு மேடைக்கு மேடை மந்திரிகளைத் திட்டிப் பாடிய காலத்திலிருந்து இவர்களுக்கு இதே பிழைப்பு. அவருக்கும் இப்போது தலை நரைத்து, குரல் தேய்ந்து, புதிதாக ஓர் ஆல்பம் போட்டிருக்கிறார். அதில் பாதிப் பாட்டு மாத்திரை, ஆஸ்பத்திரி, செத்துப்போன பெண்சாதியின் காலிக் கட்டில் இதுகளைப் பற்றித்தான். சின்னசேலத்திலிருந்து வருவாரே காலேஜ் வாத்தியார் அருள்மொழி, அவர் குதிக்கிறார். ஜெயிலுக்குப் போய்ட்டு வந்து பாடின ஆளு, இப்ப மாத்திர பேரப் பாட்டுல வெக்கிறாரு, இதுவா அரசியல் என்கிறார். தாவூது பாய் விடுவாரா. வயசானா முட்டி வலிக்குங்க சார், வலிக்குதுன்னு பாடறதும் நெசந்தானே, அந்தக் கட்டில் பாட்டக் கேட்டுட்டு எங்க வூட்ல அழுதுட்டாங்க என்கிறார். உன் அப்பா இரண்டு பக்கமும் பேசுவார், கடைசியில் எழுந்து நின்று, அந்த மனுஷன் நமக்கு கல்வரன்னு ஒரு பாட்டு குடுத்தாரு, அது ஒண்ணு போதும், மத்தத இன்னா பாடினா இன்னா என்று முடிப்பார். அதோடு கூட்டம் கலையும்.

அந்தப் பாட்டு நம்ம வீட்டுக்கு வந்த கதை உனக்குத் தெரியும், நீ பிறப்பதற்கு முன்னால் கள்ளக்குறிச்சியில் தாவூது பாய் கேசட் கடை வைத்திருந்தபோது வந்தது. கல்வரையில் விளக்கெரியுது, கண்ணத் தொறந்து பாருங்கடா என்று ஆரம்பிக்கும். கேசட் பதிவு மட்டம், கிட்டார் சத்தத்தில் பாதி வார்த்தை அமுங்கிப்போயிருக்கும். வரை என்றால் மலை, கல்வரை என்றால் நம்ம கல்வராயன் மலை, பட்டணத்துப் பாடகன் நம்ம மலையைப் பாடியிருக்கிறான் என்று உன் அப்பா கண்டுபிடித்துச் சொன்னார். தமிழ் தெரிந்தவர் ஆதிமூலம் சொல்லிவிட்டார் என்று எல்லோரும் நம்பினார்கள், நானும் நம்பினேன். மலைமேல் ஊர் ஊராகப் போய்ப் பாடினார்கள், உன்னைத் தோளில் வைத்துக்கொண்டு போய்ப் பாடினார் உன் அப்பா. வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம் ரோடில்லாத அந்த ஊரிலிருந்து, லட்சுமியம்மாள் மகள் சந்தியாவைப் பிரசவ வலியோடு தூளி கட்டித் தூக்கிக்கொண்டு வந்தபோது பாதிவழியில் தாயும் பிள்ளையுமாகப் போனார்களே, அதற்காக ரோடு கேட்டு நீங்கள் மறியலில் உட்கார்ந்தபோதும் இதே பாட்டுத்தான். பாடியது நீ. யாரோ கல்லெறிந்தான், ஆபீசர் வண்டிக் கண்ணாடி உடைந்தது, முன்னால் நின்று பாடியவன் பெயர் போலீஸ் கேசில் முதலில் எழுதப்பட்டது. அவர்கள் பிடிப்பதற்குள் உன்னை மஸ்கட்டுக்கு ஏற்றிவிட்டோம், மற்றதை நான் எழுத வேண்டாம்.

இப்போது வந்த ஆல்பத்தில் கடைசிப் பாட்டாக அதை மறுபடி பாடியிருக்கிறார். அரசியல் பாட்டு என்று அதில் இருப்பது அது ஒன்றுதான். கேட்பதற்கு எல்லோரும் பல்லை இளித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள், உன் அப்பா வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். பாடுவதற்கு முன்னால் சேந்தன் கொஞ்சம் பேசுகிறார். தன் ஊர் மில்லில் தீப்பிடித்துச் செத்த கூலிக்காரர்களைப் புதைத்த இடத்தில் அவர்கள் பெண்டாட்டிமார் விளக்கேற்றுவதைப் பார்த்து எழுதிய பாட்டு இது என்கிறார். பிறகு பாடுகிறார். இந்தத் தடவை கிட்டாரை மெதுவாக வைத்திருக்கிறார்கள், குழந்தைக்குக் கூடப் புரியும். கல்லறையில் விளக்கெரியுது. நான் டீ டம்ளரோடு வாசலில் நின்றேன். அருள்மொழி சார்தான் தணிந்த குரலில், கல்லறைங்கறாருங்க என்றார். இன்னொரு தரம் போடு என்றார் உன் அப்பா. போட்டார்கள். திரும்பவும் போடு என்றார். அப்புறம் அவரே எழுந்து ஸ்பீக்கர் ஒயரைப் பிடுங்கிவிட்டு மோட்டாரைப் போட்டார், தண்ணி பாயணும், எல்லாரும் கெளம்புங்க என்றார். ஞாயிற்றுக்கிழமையில் அவர் தண்ணீர் பாய்ச்சி நான் பார்த்தது அன்றைக்குத்தான். அதற்குப் பிறகு கொட்டாய்ப் பக்கமே போகவில்லை. பழைய கேசட்டை எடுத்துப் போட்டுப் பார்த்தார், நாடா சிக்கிக் கசங்கிப்போயிற்று, தாவூது பாயாலும் சரிபண்ண முடியவில்லை. சாப்பாடு வைத்தால் சாப்பிடுகிறார், கேட்டால் பதில் சொல்கிறார், அவ்வளவுதான். எவனோ எங்கேயோ செத்ததற்கு எழுதிய பாட்டுக்கு என் பிள்ளையைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டேனே என்று கண்ணை மூடிக்கொண்டு முனகுகிறார், என்னிடம் சொல்லவில்லை, சுவரிடம் சொல்கிறார்.

நான் சொன்னால் நீ கேட்க மாட்டாய், லட்சுமியம்மாள் வராதே என்றால் கேட்பாய் என்று நினைத்து நான் மலைக்குப் போனேன். வெள்ளிமலை வரை பஸ், அதற்கு மேல் ஜீப், அதற்கு மேல் என் கால். ரோடு போடுகிறோம் என்று ஜல்லி கொட்டியிருந்தார்களே, அது அப்படியே கிடக்கிறது, புல் முளைத்து ஆடு மேய்கிறது. உங்களோடு மறியலில் உட்கார்ந்த பையன்கள் யாரும் ஊரில் இல்லை, கேரளாவுக்கு மிளகு பறிக்கப் போய்விட்டார்கள். லட்சுமியம்மாள் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தாள். பாட்டில் வார்த்தை தப்பாம், மலை இல்லையாம், கல்லறையாம் என்று நான் தயங்கித் தயங்கிச் சொன்னேன், அழுவாள் என்று பயந்தேன். அவள் முறத்தை நிறுத்தக்கூட இல்லை. அப்ப அவரு சரியாத்தான் பாடிக்கினு இருந்திருக்காரு, நீங்கதான் தப்பாக் கேட்டுக்கினு இருந்தீங்க, இந்த மலையில வெளக்கு எங்க எரியுது, எம் பொண்ண வெச்ச எடத்துல நான் ஏத்தறது ஒண்ணுதான் எரியுது என்றாள். நீ வரப்போவதைச் சொன்னேன். இன்னாத்துக்கு வரணும், தம்பிய அங்கியே இருக்கச் சொல்லுங்க, இனிமே ரோடு வந்தாலும் நான் ஆரத் தூக்கிக்கினு அதுல போவப்போறேன் என்றாள். வரும்போது ஒரு படி கேழ்வரகு கட்டிக்கொடுத்தாள், வேண்டாம் என்றேன், மடியில் போட்டுவிட்டாள். ஜீப்பில் வரும் வழியெல்லாம் அழுதேன், எதற்கென்று ஒன்றைச் சொல்ல முடியவில்லை.

அதனால் வராதே கண்ணு. நீ வந்து கோர்ட்டில் நின்றால் உள்ளே போடுவார்கள், அதனால் அந்த ஊருக்கு ஒரு முழம் ரோடு வரப்போவதில்லை. கேவலம் என்று நினைக்காதே, இருமல் வராமல் உயிரோடு இருப்பதில் கேவலம் ஒன்றும் இல்லை. உன்னைப் பார்க்காமலே நான் போய்ச் சேர்ந்துவிடுவேனோ என்ற பயம் எனக்கு இருக்கத்தான் இருக்கிறது, அதை மறைத்து எழுத எனக்குத் தெரியாது. இருந்தாலும் வராதே. ஈரத்தலையோடு ஏசி காற்றில் படுக்காதே, வெந்நீர் குடி, மணிமொழியோடு அடிக்கடி பேசு. ரிஷிவந்தியம் அர்த்தநாரீஸ்வரருக்கு உன் பெயரில் அர்ச்சனை செய்திருக்கிறேன், அவன் உன்னை எந்த ஊரிலாவது நல்லபடி வைக்கட்டும், எங்கள் ஆயுசும் உனக்கே சேரட்டும்.

ஒன்று மறக்காதே. அப்சல் போகிறான் என்றதும் உன் அப்பா எழுந்து உட்கார்ந்து, அவன் மூலமாக உனக்கு ஒன்று சொல்லி அனுப்பச் சொன்னார். அந்தப் பழைய கேசட்டை தாவூது பாய் உன் போனில் ஏற்றிக் கொடுத்தாரே, அது உன்னிடம்தான் மிச்சம் இருக்கிறதாம். அதை ஒருமுறை நிதானமாகக் கேட்டுவிட்டு, கல்வரையா கல்லறையா என்று அவரிடம் போனில் சொல்வாயாம். கேள். கேட்டுவிட்டு, உன் காதில் என்ன விழுந்தாலும், கல்வரை என்றே சொல்லிவிடு.

இப்படிக்கு,
உன் அம்மா அம்சவள்ளி