இசக்கிராஜ் காப்பாற்றியவர்கள்

நாள் 188. காலை 5:40
சந்திரன், தென்துருவப் பனிச்சுரங்க நிலையம். அடுக்களைப் பதிவு. எழுதுவது கோமு.

காற்றழுத்தம் பச்சை. தண்ணீர்த் தொட்டி முக்கால். அரிசி பதினொரு பை. பருப்பு நாலு.

தினமும் எல்லோரும் பதிவு எழுத வேண்டும், நாளைக்கு நிலையமே அழிந்தாலும் கண்டெடுக்கிறவர்களுக்கு உதவும் என்று தலைவி நஸ்ரீன் சொல்லியிருக்கிறாள். கண்டெடுக்கிறவர்களே, நான் அஞ்சாவது வரைதான் படித்தவள். என் பேரப்பிள்ளைகள் அப்படியில்லை.

மூத்த பேத்தி வடிவு பன்னிரண்டாம் வகுப்பில் மாவட்டத்திலேயே முதல். இப்போது கடலுக்கடியில் கேபிள் போடும் கப்பலில் இன்ஜினியர். அடுத்தவன் பால்துரை, தூத்துக்குடித் துறைமுகத்துக்குள் கப்பலை வழிகாட்டிக் கொண்டுவரும் பைலட். செண்பகம் வக்கீல், தொடர்ந்து மூணு கேஸ் ஜெயித்தவள். கடைக்குட்டி இல்லை, ஆனாலும் கடைசியில் சொல்லவென்றே வைத்திருக்கிறேன்: இசக்கிராஜ். என் மகள் பகவதியின் பிள்ளை. அடுக்களைச் சுவரில் ஒட்டியிருக்கிற குடும்பப் போட்டோவில் நடுவில் நிற்பவன். இந்த நிலையத்தின் டாக்டர். காற்றுக் குழாய்களும் அவன் பொறுப்புதான். சமையலுக்கு ஆள் தேடியபோது எங்க ஆச்சி வருவா என்று எழுதிக் கொடுத்து, எழுபத்தொரு வயதில் என்னை நிலாவுக்கு ஏற்றியவன்.

நஸ்ரீன் அறையில் காற்று கசிந்தபோது அவளைத் தோளில் போட்டுத் தூக்கி வந்து பிழைக்க வைத்தான். சுரங்கத்தில் வேலை பார்த்த செபஸ்தியானையும் மாரிக்கனியையும் அப்படித்தான் இழுத்து வந்தான். அவர்கள் பிழைக்கவில்லை. இப்போது நிலையத்தில் மிச்சம் நாலு பேர். அதற்கு அவன் என்ன செய்வான்? உள்ளங்கைத் தோல் உரிந்துபோய் நின்றான். பூமியில் பதக்கம் அறிவித்தார்கள். ஒவ்வொரு தடவையும் உப்புச் சுற்றித் திருஷ்டி கழித்தேன். இங்கே உப்புகூட அவசரமில்லாமல்தான் விழுகிறது.

5:58. இன்டர்காம், சுரங்க அறையிலிருந்து பனி வெட்டும் துரைக்கண்ணு: "ஆச்சி, இன்னைக்கும் பவுடர் சாம்பார்தானா? சொல்லிருங்க. இங்க குழி நெறைய கெடக்கு, கொட்டிட்டு வந்துருதேன்."
என் பதில்: "ஏலே, தட்ட நக்கிட்டு எந்திக்கவன் நீ. ஒனக்குக் குழி எதுக்கு?"

நாள் 191. பகல் 11:15
சுரங்க அறையில் காற்றுக் கசிந்து சிவப்பானது. இப்போது பச்சை.

துரைக்கண்ணு பிழைத்தான். இசக்கிராஜ்தான் இழுத்து வந்தான். மருத்துவ அறையில் படுக்க வைத்திருக்கிறான்.

10:40-க்கு இசக்கி அடுக்களைக்கு வந்தான். கைக்கடிகாரத்தைக் கழற்றினான். துடைத்து, மேடை ஓரத்தில் வைத்துவிட்டுப் போனான். அலாரம் அடித்தது 10:52-க்கு.

இதை எழுதி, அழித்து, திரும்ப எழுதுகிறேன்.

ஊரில் நடந்தது. அப்போது இசக்கிக்கு ஒன்பது வயது, செண்பகத்துக்கு மூன்று. தோட்டத்துத் தொட்டியில் விழுந்தவளை இவன் குதித்துத் தூக்கினான். தெருவே கூடி இவனைத் தோளில் சுமந்தது. துவைக்கிற கல்லில் இவன் சட்டை இருந்தது. ஓரம் சேர்த்து மடித்து, பொத்தான் மேலே தெரிய. பிள்ளை முங்குவதைக் கண்டவன் சட்டையை மடித்து வைப்பானா?

நான் அந்தச் சட்டையை உதறினேன். தொட்டித் தண்ணீரில் முக்கிக் கொடியில் போட்டேன். யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டுவிடக் கூடாது என்றுதான் நனைத்தேன். அப்புறம் உப்பு எடுத்து வந்து சுற்றினேன்.

இன்றைக்கும் கடிகாரத்தை என் பைக்குள் போட்டு வைத்து, ஆள் அடங்கியதும் அவனிடம் கொடுத்தேன். சிரித்தான். உப்புச் சுற்றினேன். கை தானாகச் சுற்றுகிறது.

நாள் 192. மாலை 4:30
எல்லாம் பச்சை.

சொல்லிவிடுவது என்று இன்டர்காம் பொத்தானை அமுக்கினேன்.
நஸ்ரீன்: "சொல்லுங்க ஆச்சி."
நஸ்ரீன்: "ஆச்சி? ஏதாவது வேணுமா?"
நான்: "சாப்பாடு ரெடி."

4:41. மருத்துவ அறையிலிருந்து துரைக்கண்ணு: "ஆச்சி, ஒங்க பேரன் கஞ்சியத் தவிர ஒண்ணும் குடுக்க மாட்டேங்கான். ஒங்க சாம்பாரே தேவலன்னு ஆயிப்போச்சு. நாளைக்கு ஒரு கிண்ணம் அவனுக்குத் தெரியாம அனுப்புங்க."
நான்: "அனுப்புதேன்ல. படு."

நாள் 193. பகல் 2:10
துரைக்கண்ணு இறந்துபோனான்.

மூச்சுக் குழாய் கழன்றுவிட்டதாம். இசக்கி நாற்பது நிமிடம் நெஞ்சை அமுக்கிப் பார்த்தான். நஸ்ரீன் அவன் தோளில் கை வைத்து, நீ உன்னால முடிஞ்சதைச் செஞ்சே என்று அழுதாள். நான் அவன் முகத்தைப் பார்த்தேன். தெரு தூக்கிச் சுமந்ததே, அந்த முகம்.

இரண்டு நாள் எனக்கு இருந்தது. ஒரு வார்த்தை போதும். சாப்பாடு ரெடி என்றேன்.

உப்புச் சுற்றவில்லை.

மாலை 5:20. இன்டர்காம், இசக்கிராஜ்: "ஆச்சி, இந்தத் தடவ சுத்திப் போடலையே? எனக்கு என்னமோ மாதிரி இருக்கு. எம்மேல கோவமா?"
அரிசி களையப் போனேன்.

நாள் 194. காலை 6:00
துரைக்கண்ணுவின் உடலை இறங்குதளத்தில் ஒப்படைக்க நஸ்ரீன் வண்டியில் கிளம்பினாள். போக மட்டும் நாலு மணி நேரம். நிலையத்தில் நானும் அவனும்.

காலை 9:05
மேலே உள்ள அத்தனை பதிவையும் நஸ்ரீன் வண்டிக்கு அனுப்பிவிட்டேன். சட்டை விஷயத்தையும் சேர்த்துத்தான்.

9:31
அடுக்களை மஞ்சள். காது அடைக்கிறது. அலாரம் இன்னும் அடிக்கவில்லை. அவன் தயாரான பிறகுதான் அடிக்கும்.
கதவின் உள்தாழைப் போட்டுவிட்டேன். இதை வெளியிலிருந்து திறக்க முடியாது. கசிகிற குழாயை அடைப்பதென்றாலும் உள்ளேதான் வர வேண்டும்.

9:38
சிவப்பு. அலாரம்.
இசக்கிராஜ்: "ஆச்சி! காத்துக் கசியுது, கதவத் தொறங்க! நான் வந்துட்டேன், பயப்படாதீங்க!"
நான்: "கசிய விட்டது நீதான. ஏன் ராசா?"



இசக்கிராஜ்: "தொட்டியடில என்னத் தூக்குனீங்கள்ல எல்லாரும். நீங்க கன்னத்தத் தடவி நெட்டி முறிச்சீங்கள்ல. அதுக்கப்புறம் அந்த மாதிரி எதுவுமே இல்ல ஆச்சி. ஒவ்வொரு தடவையும் கொஞ்ச நேரம் வரும், போயிரும். தொறங்க. ஒங்களச் சாக விடமாட்டேன். சத்தியமா."

சத்தியம்தான். என்னைச் சாக விடமாட்டான்.

9:44
நஸ்ரீன்: "ஆச்சி, படிச்சிட்டேன். வண்டியத் திருப்பிட்டேன். இப்போ கதவைத் திறங்க. அவனே காப்பாத்தட்டும், பரவால்ல. அப்புறம் அவனை நான் பாத்துக்கறேன். ப்ளீஸ் ஆச்சி, எனக்காக."
நான்: "மாட்டேம்மா. நீ வந்ததும் ஹெல்மெட்டக் கழட்டாத. அவன் குடுக்கிறத வாங்காத. மருந்தும் வேண்டாம்."

9:47
காரணம் எழுதி வைக்க வேண்டும்.

திறந்தால் நெஞ்சோடு சேர்த்துத் தூக்கிக்கொண்டு ஓடுவான். மூச்சு திரும்பும். கண் விழித்ததும் அவன் முகம் தெரியும். தெரிந்தால் நம்பிவிடுவேன். நஸ்ரீன் வந்து கேட்கும்போது, கிழவி புத்தி தடுமாறி என்னத்தையோ எழுதிவிட்டேன் என்று சொல்லிவிடுவேன். நல்ல பிள்ளை அவன் என்று சொல்லுவேன். சட்டையை நனைத்தவள் இதையும் செய்வாள். அவனைப் பற்றி எனக்குத் தெரிந்தது கொஞ்சம். என்னைப் பற்றி நன்றாகத் தெரியும்.

9:52
கதவைத் தட்டுகிறான். அழுகிறான். பொய் அழுகை இல்லை. செபஸ்தியானுக்கும் இப்படித்தான் அழுதான்.
விரல் மரத்துவிட்டது
எழுந்து தாழ் பக்கம் போகாமல் இருக்க மேசைக் காலில் முந்தியைக் கட்டிக்கொண்டேன்

9:5
பகவதி நீ வேலைக்குப் போனாய் வளர்த்தது நான் உன்மேல் குற்றமில்லை
எல்லாரும் நின்று புதுசாக ஒரு போட்டோ எடுத்து இங்கே அனுப்பு நஸ்ரீன் சுவரில் ஒட்டுவாள்
பழக்கத்தில் அவனுக்கென்று நடுவில் இடம் விட்டுவிடாதீர்கள்
நெருங்கி நில்லுங்கள்
இன்னும் நெருங்