மேகத்துக்குள் நான் வாய் மூடிய நேரம்

இன்று காலை தைல டின்னைத் திறந்ததும் கை நின்றுவிட்டது. யூகலிப்டஸ் தைலத்தை நாள் முழுக்க விற்கிறவன் நான். அந்த வாடை எனக்குப் புதிதா என்ன? ஆனாலும் இன்று உன் முட்டியின் நினைப்பு கடைக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. இத்தனை வருஷமும் அந்த முட்டிக்கு நான்தான் தைலம் கொடுத்தேன். "ராவுத்தர் கடைத் தைலந்தான்யா என்னைய நடக்க வச்சிருக்கு" என்று பஜாரெல்லாம் சொல்லித் திரிந்தாய். கேட்கும்போதெல்லாம் நான் தராசுப் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

நீ ஓடிய ஓட்டத்தை இப்போதுள்ள பையன்கள் பார்த்ததில்லை. சுதந்திரம் வந்து எட்டொன்பது வருஷம் இருக்கும். கொடைக்கானல் பஜார் ஃபுட்பால் டீமில் நீ முன்னால், நான் கோல் காக்கிற கோலி. மெட்ராஸில் ஒரு கம்பெனி டீம் உன்னைக் கூப்பிட்டுக் கடிதம் போட்டிருந்தது. வேலையும் உண்டு, ஆட்டமும் உண்டு. நீ கிளம்ப ஒரு வாரம் இருக்கையில் மேல்மலையில் இருக்கும் போளூர்க்காரர்களோடு ஆட்டம் வைத்தோம்.

நம் மலையில் மேகம் இறங்கினால் பந்தும் தெரியாது, ஆளும் தெரியாது. அதற்காக ஆட்டத்தை நிறுத்துகிற வழக்கமும் கிடையாது. கோலி மட்டும் "ஓய், ஓய்" என்று ஓயாமல் குரல் கொடுக்க வேண்டும். நம் ஆட்கள் அதைக் கேட்டு விலகிக்கொள்வார்கள். அன்றைக்கு மேகம் வந்தபோது நான் வாயை மூடிக்கொண்டேன். மறதி இல்லை. என் குரலை வைத்துத்தானே போளூர்க்காரன் எந்தப் பக்கம் அடிக்கலாம் என்று பார்க்கிறான், ஏமாற்றிவிடுவோம் என்ற அதிபுத்திசாலித்தனம். பந்து உதைபடும் சத்தம் கேட்டது, பாய்ந்தேன். கோலைக் காக்கப் பின்னால் ஓடிவந்திருந்த உன் கால் மேல் என் முழு உடம்பும் போய் விழுந்தது.

மேகம் விலகியபோது உன் பக்கத்தில் நின்றவன் போளூர் மாயாண்டி. "முட்டிய ஒடிச்சுப்புட்டான்" என்று யாரோ அவனைக் காட்டிக் கத்தினார்கள். நான் அதற்குள் பந்தைக் கட்டிக்கொண்டு தள்ளிப்போய் நின்றிருந்தேன்.

மெட்ராஸ் அத்தோடு போனது. ஆறு மாதம் கழித்து ஒரு கம்பை ஊன்றிக்கொண்டு மைதானத்துக்கு வந்தாய், பள்ளிக்கூடத்துப் பையன்களுக்குக் கோச் ஆனாய். உன் பையன்கள் மதுரை வரைக்கும் போய் ஜெயித்தார்கள். ஆனால் ஒரு போளூர்ப் பையனைக்கூட நீ சேர்க்கவில்லை. மாயாண்டி அதற்கப்புறம் பந்தைத் தொடவே இல்லை.

"மேகம் எறங்குனா கோலி வாய மூடக்கூடாது, மூடுறவன் வீட்டுக்குப் போயிரு" என்று பையன்களிடம் சொல்வாய். என்னைப் பார்த்துச் சொல்கிறாயோ என்று உயிரே போகும். ஒருநாள் நீ கேட்காமலே, "அன்னைக்கு நான் சத்தம் குடுத்துக்கிட்டேதான இருந்தேன்?" என்றேன். எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்ற கதைதான். நீ பந்துக்குக் காற்றடித்தபடியே, "ஆமாலே, இப்ப எதுக்கு அது?" என்றாய்.

நெஞ்சுச்சளி முற்றி நீ படுத்த பிறகுதான் சொன்னேன். மதினி கஞ்சி எடுக்க உள்ளே போயிருந்தது. சொல்லி முடிக்கும்வரை உன் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. அடிப்பாய், வைவாய், மதினியைக் கூப்பிட்டுச் சொல்வாய் என்று என்னென்னவோ நினைத்தேன். நீ மெட்ராஸைப் பற்றிக் கேட்கவில்லை. முட்டியைப் பற்றியும் கேட்கவில்லை.

"அப்ப மாயாண்டி இல்லையா?" என்றாய்.

கூரையைப் பார்த்தபடி, "சந்தைக்கு வர்றப்பல்லாம் கும்பிடுவான்லே. நான் மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போவேன்" என்றாய். மூச்சு வாங்கியது. "நீயே அவன்கிட்ட சொல்லிரு. வெரசா சொல்லிரு."

நாலாம் நாள் நீ போய்விட்டாய்.

போன ஞாயிற்றுக்கிழமை மாயாண்டி கடைக்கு வந்தான். பூண்டு மூட்டையைச் சந்தையில் இறக்கிவிட்டு, குதிரையை எதிரே கட்டிவிட்டு உப்பு கேட்டான். தலை நரைத்துவிட்டது அவனுக்கு.

"ஒங்க கோச்சு தவறிட்டாராமுல்ல. கேதத்துக்கு வரலாம்னுதான் கெளம்புனேங்க. உசுரோட இருக்கையில என் மொகத்தப் பாக்கப் பிடிக்காத மனுசன், இப்பப் போயி நின்னா நல்லாவா இருக்கும்னு பாதி வழியிலயே திரும்பிட்டேன்" என்றான்.

நான் உப்பைக் கட்டிக்கொண்டிருந்தேன். அவன் போகாமல் நின்றான்.

"கடைசியில என்னையப் பத்தி எதும் சொன்னாராங்க?"

கடையில் வேறு ஆளே இல்லை. அவனும் நானும்தான். உப்புப் பொட்டலத்தை அவன் கையில் வைத்தேன்.

"இல்லப்பா" என்றேன்.

"சொல்லியிருக்க மாட்டாரு" என்று தலையாட்டிவிட்டுக் குதிரையை அவிழ்த்துக்கொண்டு போனான்.

நீ சொல்லச் சொன்னது இன்னும் என்னிடமேதான் இருக்கிறது. நாளைக்குச் சந்தை, அவன் வருவான். எனக்குப் பயமாக இருக்கிறது.